அந்த ஒரு மதிப்பெண்ணைக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய வரலாற்று வினாத்தாள் குழுவினருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வில் எந்தக் கேள்வியைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். "ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும் என்று சொன்னவர் யார்?" என் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "மேரி அன்டாய்னெட் என்பார்கள். அது வதந்தி, ஆதாரம் கிடையாது" என்று எழுதினாள். விடைக்குறிப்பில் அந்தப் பிரெஞ்சு அரசியின் பெயர் மட்டும்தான் இருந்தது. பூஜ்ஜியம் விழுந்தது.

விடைத்தாளோடு வந்தவள் அழவில்லை. "அடுத்த தடவை பேரை மட்டும் எழுதிடவா மிஸ்?" என்று கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை.

அவள் எழுதியது சரி. இந்த வரியைப் பிரெஞ்சு மொழிச் சிந்தனையாளர் ரூசோ எழுதியது 1760களில். யாரோ ஒரு பெரிய இளவரசி சொன்னதாகத்தான் எழுதினார், பெயர் சொல்லவில்லை. மேரி அன்டாய்னெட் மணமாகி பிரான்சுக்கு வந்ததே 1770இல்.

வதந்தி என்று எழுதினால் அது வரலாற்றுப் பதில் ஆகாதா? பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜார்ஜ் லெபெவ்ர் 1932இல் ஒரு வதந்தியைப் பற்றியே முழு நூல் எழுதினார். பிரெஞ்சுப் புரட்சி வெடித்த 1789 கோடையில், கொள்ளையர் வருகிறார்கள், விளைந்த பயிரை அழிக்கப் பிரபுக்கள் அவர்களை ஏவிவிட்டிருக்கிறார்கள் என்ற பேச்சு பிரான்சின் கிராமங்களைக் கலக்கியது. அது எந்த ஊரில் கிளம்பியது, எந்தப் பாதையில் போனது, எந்த நாளில் எங்கே சேர்ந்தது என்று ஆவணங்களை வைத்துத் தடம் பிடித்தார் அவர். அப்படி ஒரு கொள்ளைக் கூட்டம் வரவே இல்லை. ஆனால் அந்த அச்சமும் அதே கோடையில் மாளிகைகளின் நில உரிமைப் பத்திரங்களைக் கொளுத்திய குடியானவர் கலகங்களும் சேர்ந்துதான், ஆகஸ்ட் 4 இரவில் பிரபுக்களின் சலுகைகளைத் தேசிய சபை கைவிடக் காரணமாயின. பொய் என்று தெரிந்த பேச்சை ஒதுக்கித் தள்ளாமல், பசித்த மனிதர்கள் அதை ஏன் நம்பினார்கள் என்று கேட்டவர் லெபெவ்ர். பல்கலைக்கழகத்துக்குப் போகுமுன் பல ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியவரும்கூட.

என் மாணவி அந்தக் கேள்வியின் வாசலில் நிற்கிறாள். அவளைத் திருப்பி அனுப்பாதீர்கள். அந்த மதிப்பெண்ணைக் கொடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே புரட்சியில் பாரிஸின் சிறைக்கோட்டை பாஸ்டில் விழுந்த தேதியை ஆண்டுதோறும் கேட்கிறீர்கள். அன்று அதற்குள் ஏழே கைதிகள் இருந்தார்கள், கூட்டம் தேடிப்போனது வெடிமருந்தை என்று எந்த வினாத்தாளாவது எழுத இடம் கொடுத்ததா? தேதியைச் சொல்கிற பிள்ளை கெட்டிக்காரி, ஏன் என்று கேட்கிற பிள்ளை அதிகப்பிரசங்கி. இருபது வருடமாக இதைப் பார்க்கிறேன். கோபம் வருகிறது.

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு கேட்பது இதுதான்: அந்தக் கேள்வியின் விடைக்குறிப்பைத் திருத்துங்கள், அவளைப் போல எழுதிய எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிப்பெண் கொடுங்கள். முழு ஆண்டுத் தேர்வுக்கு முன் செய்தால் நல்லது. அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியை