அமுக்குவான் பேயும் தேர்வுக்கால உறக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண் விழித்த பின்னும் கை கால் அசையாமல், குரல் எழும்பாமல், மார்பின்மேல் யாரோ ஏறி அமர்ந்து அழுத்துவதுபோல் தோன்றும் நிலையை 'அமுக்குவான் பேய்' என்று சொல்லி, தலையணைக்கடியில் இரும்பு வைப்பதும் தாயத்துக் கட்டுவதும் எங்கள் செட்டிநாட்டில் இன்றும் நடக்கின்றன. ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்கு இதனால் வீண்பழியும் வந்து சேர்கிறது. விசேஷத்துக்கு வந்து பட்டாலை என்னும் கூடத்தில் படுத்த பிள்ளைக்கு ஒருமுறை இவ்வாறு நேர்ந்துவிட்டால், அந்த வீடே ஆகாத வீடு என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது.

மருத்துவர்கள் இதைத் தூக்க முடக்கம் என்கிறார்கள். கனவு காணும் உறக்கத்தில், கனவில் ஓடுகிறவரின் கால்கள் மெய்யாகவே ஓடிவிடாதபடி மூளைத்தண்டு உடல் தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தத் தளர்ச்சி நீங்குமுன் விழிப்பு முந்திக்கொள்ளும்போது அறிவு தெளிந்தும் உடல் அசைவதில்லை. கனவின் மிச்சம் விழிப்போடு கலப்பதால் அறைக்குள் ஓர் உருவம் நிற்பதாகவும் தெரிகிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் தொடர்ந்து இயங்குவதால் மூச்சு நிற்பதில்லை. ஆனால் விலா எலும்புகளை உயர்த்தும் தசைகள் தளர்ந்திருப்பதால், வேண்டுமென்றே ஆழமாக இழுக்க முயன்றால் முடியாமற்போக, அதுவே நெஞ்சின்மேல் பாரமாக உணரப்படுகிறது. சில நொடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில், தானாகவே விலகிவிடும்.

பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான கட்டுரையொன்று, பொதுமக்களில் 100-க்கு ஏறத்தாழ 8 பேரும் மாணவர்களில் 28 பேரும் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதை அனுபவித்ததாகக் கணக்கிடுகிறது. மாணவர் எண்ணிக்கையே என்னைக் கவலைகொள்ளச் செய்கிறது. இரவெல்லாம் படித்து விடியற்காலையில் கண்ணயரும் விடுதிப் பிள்ளைகளுக்கு, தூக்கக் குறைவு, நேரந்தவறிய உறக்கம், மனப்பதற்றம் ஆகிய காரணங்கள் எல்லாம் ஒருசேர அமைந்துவிடுகின்றன. இதை வெளியில் சொன்னால் பேய் பிடித்தவர் என்பார்களோ என்று அஞ்சிப் பலர் வாய் திறப்பதில்லை. மீண்டும் வருமோ என்ற அச்சத்தில் உறங்காமலிருந்து, மீண்டும் வருவதற்கே வழிசெய்துவிடுகிறார்கள்.

அந்நேரத்தில் எழுந்துவிடப் போராடாமல், மூச்சை அதன் போக்கில் விட்டு, ஒரு விரல் நுனியையோ கண்களையோ மட்டும் அசைக்க முயல்வது பலருக்கு உதவுகிறது. மல்லாந்து படுக்கும்போதே இது மிகுதியாக வருவதால் ஒருக்களித்துப் படுப்பதும், நாள்தோறும் ஒரே நேரத்தில் உறங்கி எழுவதும் நல்லது. அடிக்கடி வந்தாலோ, பகலில் அடக்க முடியாத தூக்கம் வந்தாலோ, சிரிக்கும்போது திடீரென முழங்கால் துவண்டாலோ நரம்பியல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பொதுத்தேர்வுக்கு முந்தைய வாரங்களில் பள்ளித் தலைமையாசிரியர்களும் விடுதிக் காப்பாளர்களும் இதைப் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். வீட்டுப் பெரியவர்களும் ஆச்சிமார்களும் படித்தறியும் வண்ணம், தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் இதுபற்றித் தகுந்த மருத்துவர் ஒருவரின் கட்டுரையை வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தேவகோட்டை.