நல்ல நண்பர்கள் இருந்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் மலையகத்து ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவில் கூடாரம் அடித்துத் தங்குவது பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். "பெரிய ஆயத்தம் எதுவும் வேண்டாம், நல்ல நண்பர்கள் பத்துப் பேர் இருந்தால் போதும்" என்று அதில் ஒரு வரி. மூன்று நாளாக அந்த வரி மனதை அறுத்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்களும் அப்படி நினைத்துத்தான் போனோம். நாலு வருடத்துக்கு முன் ஒரு ஜனவரி மாதம், பாடசாலையில் ஒன்றாகப் படித்த 14 பேர், ஒரு வேன். உள்ளே தங்குவதற்கு வனஜீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே இடம் பதிய வேண்டும், நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க விடமாட்டார்கள் என்று எங்களில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது, அவர் பதிந்தும் வைத்திருந்தார், ஆனால் 10 பேருக்கு. கடைசி வாரத்தில் சேர்ந்த நாலு பேரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வாசலில் மறித்தார்கள், அவர்கள் மறித்தது சரிதான். அந்த நாலு பேரும் வேனிலேயே கீழே ஒஹியா என்ற ஊருக்கு இறங்கி அறை எடுத்துத் தங்கினார்கள். கம்பளிப் போர்வை மூட்டை அந்த வேனில் போய்விட்டது என்பது இருட்டிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்த இடம் 2,100 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் விடியும்போது புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். உங்களுக்குத் தெரியாததல்ல, நுவரெலியா உறைபனிப் படத்தை வருடா வருடம் முதல் பக்கத்தில் போடுகிறீர்களே! நடுச்சாமத்தில் கொழும்பிலிருந்து வந்த தம்பி ஒருவனுக்கு நடுக்கம் வந்து, பேச்சு குழறத் தொடங்கிவிட்டது. அவனை நடுவில் படுக்க வைத்து, எங்கள் ஜம்பர்களை எல்லாம் அவனுக்குப் போட்டு, இரண்டு பக்கமும் ஒட்டிப் படுத்துக்கொண்டோம். தீ மூட்டலாம் என்று ஒருவர் எழுந்தார், சுற்றிலும் காய்ந்த புல், நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். விடியும் வரை அவனோடு பேசிக்கொண்டே இருந்தேன், தூங்கிவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயம். இன்றைக்கு நினைத்தாலும் கை சில்லிடுகிறது. உங்கள் கட்டுரையிலோ "இரவில் தீ மூட்டி ஆட்டம் பாட்டம்" என்று இருக்கிறது.

அப்புறம் அந்தப் படம். வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் ஒரு பெண் பிள்ளை மரைக்கு, அந்தப் பெரிய காட்டு மானுக்கு, பிஸ்கட் ஊட்டுகிறாள், அதை "அன்பான விருந்தாளி" என்று போட்டிருக்கிறீர்கள். வாசலில் நம் பைகளைத் திறந்து பொலித்தீனை ஏன் எடுத்துவிடுகிறார்கள் என்று எழுதியவர் யோசித்தாரா? மனிதர் கையில் தின்று பழகிய மரை பையையும் சேர்த்தே தின்னும். குப்பை ஓடையில் விழுந்தால் அது அங்கேயே நிற்பதும் இல்லை. மகாவலி, களனி, வளவை என்ற மூன்று ஆறுகளுக்கும் அந்த மேட்டிலிருந்துதான் தண்ணீர் போகிறது, நாம் எல்லாரும் குடிக்கிற தண்ணீர்.

இது இன்றைக்கு நேற்று வந்த கோபம் இல்லை. மலையகம் என்றாலே உங்கள் பத்திரிகைக்குப் பனிமூட்டமும் கொழுந்துக் கூடையும்தான். கூடை சுமக்கிற அம்மாவுக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு தடவையாவது கேட்டுப் போட்டீர்களா? எங்கள் தோட்டத்துப் பாதை உடைந்து பஸ் வராமல் நின்றபோது இரண்டு கடிதம் எழுதினேன், ஒன்றும் வரவில்லை. சுற்றுலாவுக்கு முழுப்பக்கம் இருக்கிறது. பெண்களும் சேர்ந்து போகிற குழுவுக்கு இரவில் கழிவறைக்கு என்ன வழி, யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் வாகனம் எங்கே நிற்கும் என்று அந்த முழுப்பக்கத்தில் ஒரு வரி கிடையாது.

நான் கேட்பது சிறிய விஷயம்தான். அடுத்த ஞாயிறு ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள்: வருகிற அத்தனை பேருக்கும் முதலில் பதிவு, ஆளுக்கொரு கம்பளி அவரவர் கையில், தீ வேண்டாம், கொண்டுபோன குப்பை திரும்பி வர வேண்டும். அதற்கும் இடம் இல்லையென்றால், அந்த மரைப் படத்தையாவது மறுபடி போடாதீர்கள்.

இப்படிக்கு,
தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகி