ராச்சாப்பாட்டுக்கு ஒரு வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

பொங்கல் முடிந்த நாலாம் நாள் எங்கள் தெருவில் லாரி வந்து நிற்கும். பாத்திரம், பாய், கோழிக்கூடை எல்லாம் ஏறும். கடைசியாகப் பிள்ளைகளும் ஏறுவார்கள். திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைக்குப் போனால், திரும்புவதற்கு ஆனி, ஆடி ஆகிவிடும். சூளைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிய குடும்பம் போகாமல் இருக்க முடியாது. அதில் யாரையும் குறை சொல்ல இடமில்லை.

போன ஆடியில் திரும்பி வந்த ஒரு பெண்ணின் பையை ஆசிரியை வாங்கிப் பார்த்தார். ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஆணியில் மாட்டிவிட்டுப் போன பை. கணக்கு நோட்டின் ஓரத்தை எலி தின்றிருந்தது. கடைசியாக எழுதிய தேதி ஜனவரி 12. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பதால் அவள் ஏழாம் வகுப்பில் உட்கார்ந்தாள். வெயிலில் சுடாத பச்சைச் செங்கல்லைத் திருப்பித் திருப்பி விரல் நுனி தேய்ந்துபோய், பென்சில் பிடிக்கவே கூசியது. இப்படி இரண்டு மூன்று சூளைக்காலம் போனால் எட்டோடு படிப்பு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் போக வேண்டும். எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளை அவ்வளவு தூரம் எதற்குப் போகும்?

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். சூளைக்குப் போகும் அம்மாக்களும் அதில் உண்டு. கார்த்திகை மாதக் கூட்டத்தில் நாங்கள் வழக்கம்போல, “பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போங்கள்” என்று உபதேசம் செய்தோம். ஓர் அம்மா எழுந்தார். “மத்தியானம் ஸ்கூல்ல சாப்பிட்டுக்கும். ராவுக்கு யாரு வடிச்சுப் போடுவா? எங்க அத்தைக்குக் கண்ணே தெரியாது.”

எங்களிடம் பதில் இல்லை. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரை உண்டு. மதியச் சத்துணவு எல்லோருக்கும் உண்டு. ராத்திரிக்குத்தான் ஒன்றுமில்லை.

அதனால் இந்தத் தை முதல் முழு ஆண்டுத் தேர்வு முடியும்வரை, 31 பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே மாலைப் படிப்பும் இரவுச் சாப்பாடும் தருவதென்று முடிவு செய்திருக்கிறோம். தலைமையாசிரியர் இரண்டு வகுப்பறைகளைத் திறந்து தருகிறார். ஆசிரியர்கள் முறை வைத்து எட்டு மணிவரை இருப்பார்கள். கல்லூரியில் படிக்கும் எங்கள் ஊர்ப் பெண்கள் இருவர் பாடம் சொல்லித் தருகிறார்கள். பாட்டிமார்கள் ரேஷன் அரிசியில் மாதம் ஐந்து கிலோ தருவதாகத் தாங்களே சொன்னார்கள். சாப்பிட்டதும் பிள்ளைகளை வீடுவரை கொண்டுபோய் விடுவது இளைஞர்கள் பொறுப்பு.

பருப்பு, காய், எண்ணெய், முட்டைக்கு ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 25 ரூபாய் ஆகிறது. 100 நாளுக்கு 77,500 ரூபாய். சமைக்கும் இரண்டு அம்மாக்களுக்குக் கூலி 40,000. கேஸ், விளக்குச் செலவு 12,500. ஆக மொத்தம் 1,30,000 ரூபாய். 2,500 ரூபாய் தந்தால் ஒரு பிள்ளையின் சாப்பாட்டுச் செலவு முழுதும் முடிந்தது. நூறு ரூபாய் தந்தாலும் ரசீது உண்டு.

பணத்தைக் குழுவின் வங்கிக் கணக்கில் மட்டும் போடுங்கள், யார் கையிலும் தர வேண்டாம். விவரம் தலைமையாசிரியரிடமும் குழுத் தலைவரிடமும் கிடைக்கும். வரவு செலவு மாதாமாதம் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். நன்கொடையாளர் பெயரைக் கல்வெட்டில் பொறிக்கும் உத்தேசம் இல்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், வெளியூரில் இருக்கும் நம் பள்ளிப் பழைய மாணவர்களுக்கு ஒன்று: மார்கழி 20-க்குள் அனுப்புங்கள். லாரி வருவதற்குள் வீடு வீடாகப் போய், “சாப்பாடு உறுதி, பிள்ளையை விட்டுட்டுப் போங்க” என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுவினர்