தாமிரபரணியில் சாக்கடை கலப்பதைத் தடுக்கும் பணி: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அண்ணாச்சிக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் ஆற்று வேலையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். இந்த ஆண்டு நம் உழைப்பெல்லாம் அதில்தான் போயிருக்கிறது.

2023 டிசம்பர் வெள்ளம் குறுக்குத்துறை முருகன் கோயிலை மூழ்கடித்துப் பாய்ந்தபோது, ஆற்றில் கிடந்த அமலைச்செடி (ஆகாயத் தாமரை), பழந்துணி எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. ஆனால் ஓடைகள் ஆற்றில் சேரும் இடங்களில் அமலை மறுபடி படர்ந்துவிட்டது. சாக்கடையில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும்தான் அதற்கு உரம். உரம் வந்துகொண்டே இருக்கும்வரை எத்தனை முறை பிடுங்கினாலும் அது முளைக்கத்தான் செய்யும். அதனால் ஆற்றில் இறங்கிச் செடி அள்ளுவதைக் குறைத்துக்கொண்டு, நம் தெருக்களின் வடிகால்களைப் பார்ப்பது என்று செயற்குழு முடிவெடுத்தது.

மழை இல்லாத நாளிலும் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடுகிறதென்றால் அது பெரும்பாலும் வீட்டுக் கழிவுநீர்தான். அது எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க நம் மகளிர் குழு ஒரு வழி சொன்னது. வீட்டுக்காரர் அனுமதியோடு குளியலறையிலும் கழிப்பறையிலும் கேசரிப் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றுவது. இன்னொருவர் தெருமுனையில் வடிகால் மூடியைத் தூக்கிவைத்துக்கொண்டு பார்ப்பது. "எங்க வீட்டுத் தண்ணி செப்டிக் டேங்குக்குத்தான் போகுது அண்ணாச்சி" என்று அடித்துச் சொன்ன ஒருவர் வீட்டில் ஊற்றிய கொஞ்ச நேரத்திலேயே ஆரஞ்சு நிறத் தண்ணீர் வடிகாலில் வந்துவிட்டது. வீடு கட்டிய கொத்தனார் அந்தக் காலத்தில் போட்டுவிட்டுப் போன குழாய் அது. அவருக்கே தெரியாது. மறுவாரமே ஆள் வைத்து அதை அடைத்துவிட்டார். அவரைச் சங்கம் மனமாரப் பாராட்டுகிறது.

பாதாளச் சாக்கடை வந்துவிட்ட தெருக்களிலும் பலர் இணைப்பு எடுக்கவில்லை. செலவு ஒரு காரணம், தரையை உடைக்க வேண்டுமே என்ற தயக்கம் இன்னொன்று. வயதானவர்களுக்கும் வாடகை வீட்டுக்காரர்களுக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். அப்புறம், செப்டிக் டேங்க் சுத்தம் செய்யப் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இயந்திர வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். அந்த வண்டி அள்ளியதை எங்கே கொட்டுகிறது என்பதையும் கேளுங்கள்.

2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் இருவர் ஆற்றை நேரில் வந்து பார்த்தார்கள். அதன்பின் மனுக்களுக்குக் கொஞ்சம் வேகம் வந்தது. இருந்தாலும் நம் இரண்டு கோரிக்கைகள் இன்னும் நிலுவையில் உள்ளன. கழிவுநீரேற்று நிலையத்தில் மின்சாரம் நின்றால் வழிந்து ஆற்றுக்குப் போகிறது. அதற்கு ஜெனரேட்டர் வேண்டும் என்பது ஒன்று. நீர்ப் பரிசோதனை முடிவை மாதாமாதம் படித்துறையில் எழுதிப் போட வேண்டும் என்பது மற்றொன்று. குளிக்கும் நீரில் 100 மில்லிலிட்டருக்கு மலக் கோலிஃபார்ம் (மலம் கலந்ததைக் காட்டும் கிருமி) எண்ணிக்கை 500க்குள் இருப்பது நல்லது, 2,500ஐத் தாண்டவே கூடாது. தெளிவாக ஓடும் தண்ணீரிலும் அது இருக்கலாம். பிள்ளையை முங்க வைக்கிற தாய்க்கு அந்த எண்ணைத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு. இந்த ஆற்று மணலில் இறக்கிய உறைகிணறுகளிலிருந்துதான் தூத்துக்குடி வரைக்கும் குடிக்கிறார்கள்.

2018 மகா புஷ்கரத்தில் லட்சக்கணக்கானோர் வந்து நீராடிய நதி இது. தீபம் காட்டவும் ஆரத்தி எடுக்கவும் கூடுகிற கூட்டத்தில் கால்வாசிப் பேராவது வடிகால் பார்க்க வந்தால் நம் பகுதி வேலை விரைவில் முடிந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

வரும் ஆண்டில் பாளையங்கால்வாய்க் கரைத் தெருக்களுக்குப் போகிறோம். இளைஞர்கள் பெயர் கொடுக்க வேண்டும். இணைப்பு விண்ணப்பப் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. இன்னும் எடுக்காதவர்கள் சாப்பாட்டுக்கு முன்பே பூர்த்தி செய்து துணைச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்