செயலாளரின் ஆண்டறிக்கை: வாங்கியதும் விற்றதும் ஏமாந்ததும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பழைய கேமராக்களோடு மல்லுக்கட்டும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. இருட்டறையில், நெகட்டிவைப் பெரிதாக்கிப் படம் போடும் என்லார்ஜரின் விளக்கு இரண்டு முறை போனது, இரண்டு முறையும் மாற்றிவிட்டோம். கண்காட்சியைப் பற்றித் தலைவர் பேசுவார். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். அவற்றை அவர்களிடமே விட்டுவிட்டு, இந்த ஆண்டு நம்மைப் பாடாய்ப் படுத்திய விஷயத்துக்கு நேராக வருகிறேன். இணையக் குழுக்களில் கேமராவும் லென்ஸும் வாங்கப் போய், விற்கப் போய், நம் உறுப்பினர்கள் சிலர் ஏமாந்திருக்கிறார்கள். அதில் முதல் ஆள் நான்தான்.

ஒரு 50 மிமீ லென்ஸை நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். குழுவில் 'வாங்க விருப்பம்' என்று போட்ட ஒரு மணி நேரத்தில் தனிச்செய்தி வந்தது: "என்னிடம் இருக்கிறது, பார்க்கிறீர்களா?" இரண்டு படங்கள் வந்தன. விலை அடிமாட்டு விலையாக இருந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். அவர் கேட்டதோ சந்தை விலையைவிடக் கொஞ்சம்தான் குறைவு. இன்னொருவர் மாலைக்குள் பணம் போடுவதாகச் சொல்லியிருக்கிறார், நீங்கள் முதலில் கேட்டதால் உங்களுக்காக வைத்திருக்கிறேன் என்றார். நண்பருக்கு அனுப்புவதுபோல அனுப்பினால் கட்டணம் மிச்சம் என்றும் சொன்னார். அனுப்பினேன். மறுநாள், பார்சலுக்குக் காப்பீட்டுத் தொகை தனியாகக் கட்ட வேண்டும் என்று கேட்டபோதுதான் உறைத்தது. பதில் எழுதுவதற்குள் ஆளையே காணோம்.

அப்புறம்தான் அந்தப் படங்களை நிதானமாகப் பார்த்தேன். ஒன்றில் லென்ஸ் கருந்தேக்கு மேசைமேல் இருந்தது. மற்றதில் வெள்ளை டைல்ஸ் தரைமேல். ஒன்றில் முன்பக்கக் கண்ணாடியில் ஜன்னல் கம்பி தெரிந்தது, இன்னொன்றில் ட்யூப்லைட். இரண்டு வீடுகள், இரண்டு லென்ஸ்கள். படத்தைக் கொடுத்துத் தேடும் வசதி கூகுளில் 2011 முதலே இருக்கிறது. அதில் போட்டதும் முதல் படம் என்றோ விற்றுப்போன ஒரு லென்ஸின் பழைய விளம்பரத்தில் வந்து நின்றது. பணம் அனுப்பும் முன் செய்திருந்தால் அரை நிமிட வேலை.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவன் ஏமாந்தான் என்றால் சிரிக்க மாட்டார்களா? சில வாரங்கள் கழித்து, புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி கூட்டம் முடிந்ததும் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "சார், லென்ஸுக்குப் பணம் போட்டேன், ஆள் காணாமல் போயிட்டார்" என்று போனை நீட்டினார். திரையில் அதே கருந்தேக்கு மேசை. நான் முதல் நாளே வாய் திறந்திருந்தால் அந்தத் தம்பியின் பணம் போயிருக்காது. அவரிடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன், இங்கே உங்கள் முன்னிலையிலும் கேட்கிறேன்.

அன்றிலிருந்து செயற்குழு ஒரு நோட்டு போட்டது. பொருளாளர் அதற்கு 'ஏமாந்தோர் ஏடு' என்று பெயர் வைத்தார், பெயர் ஒட்டிக்கொண்டது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், பெயர் போட வேண்டியதில்லை. நான் எழுதியதைப் பார்த்த பிறகு மற்றவர்களும் எழுதத் தொடங்கினார்கள். அதைப் புரட்டினால், மோசடிக்காரர்கள் 'விற்பனைக்கு' என்று விளம்பரம் போட்டு நமக்காகக் காத்திருப்பது குறைவு, 'வாங்க விருப்பம்' என்று நாம் போட்டதைப் பார்த்துத் தேடி வருவதுதான் அதிகம் என்று தெரிகிறது. பொதுவில் ஒரு வார்த்தை எழுதாமல் தனிச்செய்தியில் மட்டும் பேசுகிறவரைக் கண்டால் முதலில் குழு நிர்வாகியிடம் கேளுங்கள்.

பழைய கணக்கு, நிறைய நல்ல பெயர் என்பதும் இப்போது போதாது. நெடுநாள் உறுப்பினர் ஒருவரின் கணக்கைக் கடவுச்சொல் திருடி எடுத்துக்கொண்டு, அவர் பெயரிலேயே விற்கிறார்கள். பல மாதம் பேசாத கணக்கு திடீரென ஐந்தாறு கேமராக்களை விற்க வந்தாலோ, பணம் போடச் சொல்லும் கணக்கில் வேறு பெயர் இருந்தாலோ நிறுத்திக்கொள்ளுங்கள். ஆளின் வரலாறு நல்லதுதான், ஆனால் இப்போது பேசுவது அந்த ஆள்தானா?

விற்பவர்களும் தப்பவில்லை. நம் துணைத் தலைவருக்கு, 'பணம் வந்துவிட்டது, பார்சல் எண்ணைப் பதிவு செய்ததும் கணக்கில் சேரும்' என்று மின்னஞ்சல் வந்தது. சின்னம், நிறம் எல்லாம் அசல் மாதிரியே. நல்லவேளை, மின்னஞ்சலில் இருந்த இணைப்பைத் தொடாமல், தன் கணக்கைத் தானே திறந்து பார்த்தார். ஒரு காசு வரவில்லை. இன்னொருவருக்கு, கேட்டதைவிட அதிகத் தொகைக்குக் காசோலை வந்தது. மிச்சத்தைக் கூரியர்காரருக்கு அனுப்பச் சொன்னார்கள். கணக்கில் வரவு காட்டிய காசோலை பல நாள் கழித்தும் திரும்பலாம். அனுப்பிய மிச்சம் மட்டும் நம் சொந்தப் பணம்.

திருப்பி அனுப்புவதிலும் ஒரு வித்தை உண்டு. நல்ல கேமராவை வாங்கி, 'ஷட்டர் வேலை செய்யவில்லை' என்று தன்னிடம் இருந்த பழுதான ஒன்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறார் ஒருவர். நம் உறுப்பினரிடம் சீரியல் எண்ணின் படம் இருந்ததால் பிழைத்தார். பார்சல் கட்டும்போது எண் தெரிய ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்து வைப்பது என்று இப்போது பலருக்கும் பழக்கமாகிவிட்டது.

பொருளே போலியாக வருவது தனிக்கதை. 1932இல் வந்த லைக்கா இரண்டாம் மாடல் என்ற ஜெர்மன் கேமராவைப் பார்த்து, அன்றைய சோவியத் நாட்டின் கார்கிவ் நகரில் 1934 முதல் ஃபெட் என்ற கேமராவைச் செய்தார்கள். 1948 முதல் ஸோர்க்கி என்ற இன்னொரு சோவியத் பிரதியும் வந்தது. தம்மளவில் இரண்டும் நல்ல கேமராக்கள், என்னிடமே ஒரு ஸோர்க்கி இருக்கிறது. ஆனால் அவற்றின் பெயரைச் சுரண்டிவிட்டு லைக்கா என்று பொறித்து, தங்க முலாம் பூசி, ஜெர்மன் ராணுவக் கழுகு முத்திரையும் குத்தி விற்கிறார்கள். லென்ஸைக் கழற்றி உள்ளே மேல்புறம் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தூரம் பார்த்து ஃபோகஸ் செய்ய உதவும் ரேஞ்ச்ஃபைண்டர் கையின் நுனியில் லைக்காவில் சிறு உருளை இருக்கும். பிரதிகளில் பெரும்பாலும் ஆப்பு மாதிரித் தட்டையான நாக்குதான். கழற்ற முடியாது என்று சொல்கிறவரிடம் மேற்கொண்டு பேசுவானேன்? கோடாக்ரோம் என்ற பழைய வண்ண ஸ்லைடு பிலிமை 'எங்கே கொடுத்தாலும் கழுவித் தருவார்கள்' என்று ஒருவர் விற்றதும் ஏட்டில் இருக்கிறது. அதை வண்ணத்தில் கழுவிய கடைசி லேப் 2010 முடிவோடு பிலிம் வாங்குவதை நிறுத்திவிட்டது.

சரி, என்ன செய்கிறோம்? பெயரும் தேதியும் எழுதிய சீட்டைப் பொருளுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் கேட்பது பழைய வழக்கம். இப்போது அந்தச் சீட்டையே படத்தில் ஒட்டவைக்கத் தெரிந்தவர்கள் வந்துவிட்டதால், லென்ஸில் ஒளியின் அளவை மாற்றும் அப்பெர்ச்சர் வளையத்தைத் திருப்பிக்கொண்டே அன்றைய தேதியைச் சொல்லும் சிறு வீடியோ கேட்கிறோம். பணம் விஷயத்தில் ஒரே பிடிவாதம்: வாங்குபவருக்குப் பாதுகாப்பு உள்ள வழியில் மட்டும். இணையத்தில் பணம் அனுப்பும் பேபாலில் நண்பர்கள், குடும்பத்தினர் வழியில் அனுப்பினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பொருளுக்கான வழியில் அனுப்பினால், பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாட்களுக்குள் புகார் எழுப்பலாம். கட்டணம் யார் தலையில் என்பதை விலையிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். பரிசு அட்டை, கிரிப்டோ என்று கேட்டால் எழுந்து வந்துவிடலாம். ஏமாந்தது தெரிந்த நிமிடமே வங்கிக்குச் சொல்லுங்கள், என்னைப்போல் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் ஏமாந்ததைக் குழுவில் எழுதிய அன்றே இரண்டு பேர் செய்தி அனுப்பினார்கள், போன பணத்தை மீட்டுத் தருகிறார்களாம், முன்பணம் மட்டும் போதுமாம்! வெந்த புண்ணில் வேல்.

இத்தனை எச்சரிக்கையில் நாம் ஒரு நல்ல மனிதரையும் நோகடித்துவிட்டோம். மங்கலான படங்கள், நாலு சொல்லில் பதில், போனில் பேசத் தயக்கம். மோசடிதான் என்று முடிவு கட்டிக் குழுவில் எழுதியும்விட்டோம். அவர் கோபப்படாமல், நடுங்கும் கையால் எழுதிய சீட்டோடு சீரியல் எண்ணைப் படம் எடுத்து அனுப்பினார். படத்தில் பாதி அவர் கட்டைவிரல். கேமரா சொன்னபடி வந்து சேர்ந்தது. அதனால் இனி ஆதாரம் கேட்பதைத் தனியாக, மரியாதையாகக் கேட்பது என்றும், செயற்குழு பார்க்காமல் யார் பெயரையும் பொதுவில் போடுவதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறோம்.

கடைசியாக, சங்கத்தின் பழைய என்லார்ஜரை விற்க இருக்கிறோம். படங்களை நானே எடுத்தேன், தேதிச் சீட்டோடு. சீட்டில் முதலில் தேதியைத் தவறாக எழுதிவிட்டேன் என்று பொருளாளர் கண்டுபிடித்ததால் மறுபடி எடுக்க வேண்டியிருக்கிறது. கேமரா முக்காலியைக் கொண்டுபோனவர் திருப்பித் தரவும். இந்த அறிக்கையைப் பேரவை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்