தோலாவிரா பயணம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பொங்கல் கழிந்து வரும் ஞாயிறு, ஜனவரி 18 அன்று, ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை, நம் குஜராத் கட்ச் மாவட்டத்தில் உள்ள சிந்துவெளிக் காலத்து நகரமான தோலாவிராவுக்கு அழைத்துப் போகிறோம். சம்மதச் சீட்டில் கையெழுத்துப் போடும் முன் இந்தக் கடிதத்தை முழுவதும் படித்துவிடுங்கள். உடம்பை நன்றாக அலுக்க வைக்கும் பயணம் இது. அதை உங்களிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை.

காந்திதாமிலிருந்து விடிகாலை நாலரைக்கு பஸ் கிளம்பும். பச்சாவ், ராபர் வழியாகப் போய்ச் சேர நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. திரும்பி வரவும் அவ்வளவு நேரம் ஆகும். நடுவில் கல்லும் மண்ணுமான மேட்டில் ஏறி இறங்கி நடக்க வேண்டும். நிழல் என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை.

நானும் இரண்டு ஆசிரியைகளும் நவம்பரில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போதும் என்று சொன்னது நான்தான். பதினொன்றரைக்கே பாட்டில்கள் காலி. கிழக்குப் பக்கத்து நீர்த்தேக்கத்தில் இறங்கும் இடத்தில் ஓர் ஆசிரியைக்குத் தலை சுற்றி, அப்படியே உட்கார்ந்துவிட்டார். டிரைவர் பஸ்ஸிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் வரை நாங்களும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எதிரே இருந்த பள்ளத்தை அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். நீளம் 73 மீட்டர், அகலம் 29 மீட்டர், ஆழம் 10 மீட்டர். உள்ளே இறங்கப் படிகள். மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தைவிட எவ்வளவோ பெரியது. நாலாயிரம் வருடத்துக்கும் முன்னால் இது நிறையத் தண்ணீர் நின்றிருக்கிறது. நாங்களோ ஒரு வாய் தண்ணீருக்குக் காத்துக்கொண்டிருந்தோம்.

பிள்ளைகளைக் கூட்டிப்போவது இதைக் காட்டத்தான். கட்சில் மழை குறைவு, நிலத்தடி நீரோ பெரும்பாலும் உவர்ப்பு. டேங்கர் வராத நாளில் வீடு என்ன பாடு படும் என்பது உங்களுக்கே தெரியும். தோலாவிராக்காரர்களுக்கு இருந்தது மழைக்காலத்தில் மட்டும் ஓடும் இரண்டு ஓடைகள்: வடக்கே மன்சார், தெற்கே மன்ஹார். அவற்றின் குறுக்கே அணை கட்டினார்கள். நிலத்தின் சரிவைப் பயன்படுத்தி, நகரத்தைச் சுற்றி வரிசையாக வெட்டிய தேக்கங்களுக்குத் தண்ணீரைத் திருப்பினார்கள். கோட்டைக்குள் விழும் மழையையும் கல் வடிகால்களில் பிடித்தார்கள். சில வடிகால்களுக்குள் பிள்ளைகள் குனிந்து எட்டிப் பார்க்கலாம். இப்படிச் சேர்த்த தண்ணீரை நம்பி ஒரு நகரம் ஏறத்தாழ கி.மு. 3000 முதல் 1500 வரை இருந்திருக்கிறது. 1960களில் தொல்லியலாளர் ஜெகத்பதி ஜோஷி கண்டறிந்த இடம். 1990 முதல் ஆர்.எஸ். பிஷ்ட் தலைமையில் விரிவாகத் தோண்டினார்கள். 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இவ்வளவும் நம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. நம் பிள்ளைகளில் பெரும்பாலானோர் இன்னும் பார்த்ததில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

கோட்டையின் வடக்கு வாசலில் கொஞ்சம் அதிக நேரம் நிற்போம். வாசலை ஒட்டிய அறையில்தான் பத்து சிந்துவெளி எழுத்துகள் கொண்ட பெயர்ப்பலகை கிடைத்தது. பலகை மக்கிப்போய்விட்டது. அதில் பதித்திருந்த வெள்ளை ஜிப்சத் துண்டுகள் மட்டும் வரிசை கலையாமல் மண்ணில் கிடந்தன. ஒவ்வோர் எழுத்தும் சுமார் 37 செ.மீ. உயரம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அதே அளவில் சார்ட் அட்டையில் வெட்டி வராந்தாச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கு வரும்போது பாருங்கள். ஆரக்கால் வைத்த சக்கரம் போன்ற எழுத்து அதில் நான்கு முறை வருகிறது. முதலில் அதைக் கவனித்தது பின்வரிசையில் அமைதியாக உட்காரும் ஒரு பெண் பிள்ளை.

அது தமிழா என்று வீட்டில் கேட்பார்கள். சிந்துவெளி மொழி திராவிட மொழியாக இருக்கலாம் என்று ஐராவதம் மகாதேவன், அஸ்கோ பர்ப்போலா போன்ற அறிஞர்கள் காரணங்களோடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் இன்றுவரை அந்த எழுத்தை எல்லோரும் ஏற்கும்படி யாரும் படித்துவிடவில்லை. படித்துக் காட்டுவோருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் அறிவித்தார். ‘தமிழ்தான், சந்தேகமே இல்லை’ என்று தயவுசெய்து முடிவாகச் சொல்லி அனுப்பாதீர்கள். விடை தெரியாத ஒன்றின் முன்னால் பிள்ளைகள் கேள்வியோடு நிற்கட்டும்.

பச்சாவைக் கடக்கும்போது 2001 நிலநடுக்கத்தைப் பற்றிப் பேசுவோம். தோலாவிராவிலும் பழங்கால நிலநடுக்கத் தடயங்களை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். 2001இல் உங்கள் வீட்டில் நடந்ததை விருப்பமிருந்தால் முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். நாங்கள் சொல்வதைவிட நீங்கள் சொல்வதுதான் மனதில் நிற்கும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சில கிலோமீட்டர் தள்ளியுள்ள மரப் புதைபடிவங்களைப் பார்க்கப் போவோம். ஜுராசிக் காலத்து மரம், கல்லாகிக் கிடக்கிறது. பட்டையின் வரிகூடத் தெரிகிறது. அங்கிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை ரண் என்னும் உப்புவெளி. பள்ளத்தில் தண்ணீர் மிச்சமிருந்தால் பூநாரைகளும் இருக்கலாம். உப்புச் சேற்றில் இறங்கப் பிள்ளைகளை விடமாட்டோம். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும்.

சரி, இனி வீட்டில் செய்ய வேண்டியது. இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். பஸ்ஸிலும் கேன்கள் இருக்கும். ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூ, தொப்பி, காலைக் குளிருக்கு ஸ்வெட்டர். சாப்பாட்டுக்குப் புளிசாதமோ தேப்லாவோ கொடுத்துவிடுங்கள். தயிர்சாதம் வேண்டாம், புளித்துவிடும். ஆஸ்துமா, வலிப்பு, பஸ்ஸில் வாந்தி எதுவானாலும் சம்மதச் சீட்டில் மறைக்காமல் எழுதுங்கள். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நாளாக இருந்தால் அதற்காக நிறுத்திவிடாதீர்கள். ஆசிரியைகள் எல்லாம் கையில் வைத்திருப்பார்கள், கழிப்பறை உள்ள இடங்களிலும் பஸ் நிற்கும். நடக்க முடியாத பிள்ளை வர ஆசைப்பட்டால் என்னிடம் நேரில் பேசுங்கள், வழி செய்யலாம். பணம் கட்டுவது சிரமம் என்றாலும் அப்படியே. அது நம் இருவருக்குள் இருக்கும்.

அங்கே போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். போன் எடுக்கவில்லை என்றால் பதற வேண்டாம். திரும்பும் வழியில் ராபர் வந்ததும் வகுப்பு குரூப்பில் செய்தி போடுகிறோம். இரவு ஒன்பதரை வாக்கில் பள்ளி வாசலுக்கு வந்துவிடுங்கள். பாதிப் பேர் தூக்கத்தில்தான் இறங்குவார்கள். திங்கட்கிழமை முதல் இரண்டு பாடவேளை தாமதமாக வந்தாலும் வருகைப் பதிவில் குறிக்க மாட்டோம். சம்மதச் சீட்டு ஜனவரி 9, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியர் கையில் சேர வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்