கோமதிக்கு, உன் புளியமரத் தொட்டி பற்றி

கொழிஞ்சாம்பாறை,
தை மாதம்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது. வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் பதில் போட முடியவில்லை. மாடியில் வளர்க்கிற குட்டிப் புளியமரத்துக்கு ஒரு தொட்டி செய்து கொடு என்று கேட்டிருக்கிறாய். செய்து தருகிறேன். ஆனால் 'சின்னத் தட்டு மாதிரி ஒன்று, உனக்கு ஒரு நாள் வேலைதானே' என்று எழுதியிருக்கிறாய் பார், அதற்காகவே இந்த நீளக் கடிதம். படித்துத் தொலை.

இங்கே எல்லோரும் நலம். இவருக்கு முட்டிவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. பெரியவள் பொள்ளாச்சியிலேயே வீடு பார்த்துவிட்டாள். கோபாலபுரம் வழியாகப் போனால் எனக்குப் பக்கம்தான், இருந்தாலும் பேரனைப் பார்க்க மாநிலம் தாண்ட வேண்டியிருக்கிறது என்று இவர் தினமும் ஒரு தடவை சொல்லிச் சிரித்துக்கொள்கிறார்.

சரி, தொட்டிக்கு வருகிறேன். பானை உருண்டையானது. சக்கரத்தில் சுற்றி எழும்போதே அதற்கு ஒரு கட்டுமானம் வந்துவிடும், காயும்போதும் எல்லாப் பக்கமும் ஒன்றாக இழுத்துக்கொள்ளும். உன் மரம் மாதிரி குட்டையாகவே வளர்க்கிற போன்சாய் மரத்துக்கான தொட்டி அப்படியல்ல. நீளமான தட்டை அடி, நாலு மூலை, குட்டைச் சுவர். மண்ணைச் சப்பாத்திக் கட்டையால் தகடாகத் தேய்த்து, வெட்டி, ஓரத்தைக் கீறி, மண்குழம்பு பூசி ஒட்ட வேண்டும். தகட்டைத் தூக்கும்போது கொஞ்சம் வளைந்துவிட்டது, திரும்ப அமுக்கி நேராக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள். கண்ணுக்கு நேராகத்தான் இருக்கும். சூளையில் வைத்தால் பழைய வளைவு திரும்பி வரும். அந்த விஷயத்தில் களிமண்ணுக்கு மாமியார் ஞாபகசக்தி.

அதற்கப்புறம் காய வைப்பது. என்னைக் கேட்டால் இந்த வேலையில் முக்கால்வாசி இதுதான். மார்கழி, தையில் எங்கள் ஊரில் அடிக்கிற காற்று உனக்குத் தெரியுமே! பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கேயிருந்து வருகிற வறண்ட காற்று, கொடியில் போட்ட சேலை அரை மணியில் மொடமொடவென்று ஆகிவிடும். தொட்டிக்கு அது எமன். மூலையும் விளிம்பும் முதலில் காய்ந்து சுருங்கும், நடு அடி ஈரமாகவே இருக்கும். மூலைகள் மேலே தூக்கிக்கொள்ளும், இல்லையென்றால் அடியில் குறுக்கே விரிசல் ஓடும். அதனால் தொட்டியைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, மூலைகளில் மட்டும் ஈரத்துணி சுற்றி, காற்றே வராத சமையலறைப் பரணுக்குக் கீழே வைக்கிறேன். தினமும் கொஞ்சம் திறந்து மூட வேண்டும். அடியில் பழைய செய்தித்தாள் விரித்துவிடுவேன். மண் சுருங்கும்போது பலகையில் ஒட்டிப் பிடிக்காமல் நகர்ந்து கொடுக்கும். ஈரத்தில் மலையாள எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி அடியில் பதிந்திருக்கும், சுட்டால் காணாமல் போய்விடும்.

எங்கள் பக்கத்துக் குயவர் வீடுகளில் எடுக்கிற மண் சட்டிக்கும் பானைக்கும் அருமையானது. ஆனால் அதைச் சுமார் 900, 1000 டிகிரிக்கு மேல் சுட முடியாது, உருகிச் சிதைந்துவிடும். அந்தச் சூட்டில் வெந்தது தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், தட்டினால் விளிம்பு உதிரும். வருஷக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடக்கிற தொட்டிக்கு, அதிகச் சூட்டில் கல் மாதிரி இறுகுகிற ஸ்டோன்வேர் மண்தான் சரி, 1200 டிகிரிக்கு மேல் போக வேண்டும். புதுச்சேரியில் 1971-இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டக்கூடம் தொடங்கிய பிறகுதான் நம் பக்கத்தில் ஸ்டோன்வேர் இவ்வளவு பரவியது. எனக்குச் சொல்லிக்கொடுத்த அம்மாவும் அங்கே பழகியவர்தான். மின்சாரச் சூளையை 573 டிகிரி பக்கத்தில் மட்டும் நிதானமாக ஏற்றி இறக்க வேண்டும். மண்ணிலிருக்கிற குவார்ட்ஸ் என்கிற கனிமம் அந்த இடத்தில் திடீரென்று உப்பும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அவசரப்பட்டால் டிங்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

காய்ந்து சுட்டு முடிப்பதற்குள் பத்துப் பன்னிரண்டு சதவீதம் சுருங்கிவிடும். உனக்கு 30 சென்டிமீட்டர் தொட்டி வேண்டுமென்றால் நான் 34-க்கு வெட்ட வேண்டும். கடையில் எடுத்துத் தருகிற மாதிரி 'ஏதோ ஒரு அளவு' என்று சொல்லாதே என்பது இதனால்தான்.

அப்புறம் அடிப்பாகம். பார்க்கிறவர்கள் விளிம்பையும் நிறத்தையும் பார்ப்பார்கள், நான் யார் செய்த தொட்டியானாலும் கவிழ்த்துப் பார்ப்பேன். துவாரம் பெரிதாக இருக்க வேண்டும். அதைச் சுற்றி உள்ளே பள்ளமோ மேடோ இருந்தால் தண்ணீர் தேங்கி வேர் அழுகும், ஐப்பசி மழையில் உனக்குத் தெரிந்துவிடும். கால்கள் இருந்தால்தான் அடியில் காற்றுப் போகும். இவை தவிர, கம்பி நுழைக்கச் சின்னத் துளைகளும் வேண்டும். ஆழமில்லாத தொட்டியில் மரத்தைக் கம்பியால் கட்டி நிறுத்தாவிட்டால் ஆடும், ஆடுகிற மரம் வேர் பிடிக்காது. உள்பக்கம் கிளேஸ், அதாவது கண்ணாடி மாதிரியான பூச்சு, பூச மாட்டேன். வாய் குறுகி வயிறு பெருத்த வடிவமும் கேட்காதே, மண் மாற்றும்போது வேர்க்கட்டியை வெளியே எடுக்க முடியாது.

நிறம் நீலமாக வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம்டி. பளபளப்பு நீலம் காகிதப்பூ மாதிரி பூக்கிற மரத்துக்கு எடுக்கும். புளிக்குப் பட்டைதான் அழகு, அதற்குப் பூச்சில்லாத பழுப்புத்தான் பொருந்தும். ஜப்பானில் டோக்கோனாமே என்று ஓர் ஊர் இருக்கிறது, நூற்றாண்டுகளாகச் சூளை எரிகிற ஊர். அங்கே செய்கிற போன்சாய்த் தொட்டிகளில் பெரும்பாலும் இந்த இரும்புப் பழுப்புதான், செய்தவரின் முத்திரைகூட அடியில்தான் இருக்கும். படம் பார்த்தாலே புரியும்: முதலில் மரம் கண்ணில் படும், தொட்டி அப்புறம். நீலம் வாங்கியே தீருவேன் என்றால் பொங்கல் கடைகளில் நிறைய விற்கிறார்கள், என்னைக் கேட்காதே.

ஆகவே மூன்று விஷயம் எழுதி அனுப்பு. மரம் மண்ணிலிருந்து எவ்வளவு உயரம், தொட்டி நீளம் அதில் மூன்றில் இரண்டு பங்கு வைப்பேன். அடிமரம் எவ்வளவு பருமன், ஆழம் ஏறக்குறைய அதே அளவு. மூன்றாவது, மரத்துக்கு எந்தப் பக்கம் முகம், அதாவது பார்க்கிறவர்களுக்கு முன்னால் தெரிய வேண்டிய பக்கம் எது என்று முடிவு செய்திருக்கிறாய். டேப் வைத்து அளந்து எழுது, கையால் காட்டிப் போட்டோ எடுத்து அனுப்பாதே. காற்று நிற்கிற மாசிக் கடைசியில்தான் தகடு போடுவேன், பங்குனிக்குள் கைக்கு வரும். பார்சலில் அனுப்ப எனக்குத் தைரியமில்லை, நீயே வந்து எடுத்துக்கொண்டு போ. பாலக்காட்டில் இறங்கினால் இவர் வண்டியோடு வருவார்.

அன்புடன்,
சரஸ்வதி